பட்டா நிலம் சரணாலய எல்லைக்குள் வந்தால்: அரசு நிலம் எடுக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கமோ பேச்சிப்பாறைக்கு மேலேயோ நிலம் வைத்திருப்பவர்கள் ‘சரணாலய எல்லை’ என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் கேட்பது, நம்ம நிலத்தை கவர்ன்மெண்ட் எடுத்துக்கிடுமா என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் எல்லைக் கோடு போடுவது ஒரு செயல், அந்தக் கோட்டுக்குள் இருக்கும் தனியார் நிலத்தை எடுப்பது வேறொரு செயல். இரண்டுக்கும் சட்டம் தனித்தனி வழி வைத்திருக்கிறது. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இடைவெளியில்தான் நில உரிமையாளர்கள் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். விற்க முடியாது, கட்ட முடியாது, இழப்பீடும் வராது. அந்த இடைவெளியில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதல் வேலை, நிலம் எந்த வகை என்று பார்ப்பது

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தின் பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். வீரப்புலி, கிளாமலை, அசம்பு, மகேந்திரகிரி என்று அதற்குள் வரும் பெரும்பகுதி ஏற்கெனவே காப்புக்காடு, அதாவது அரசு நிலம். காப்புக்காட்டைச் சரணாலயமாக அறிவிக்க யாரிடமும் நிலம் எடுக்க வேண்டியதில்லை. காப்புக்காடாக ஆனபோதே தனியார் உரிமைகள் விசாரித்து முடிக்கப்பட்டுவிட்டன என்பது சட்டத்தின் கணக்கு. எனவே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவின் கீழ் அரசு நேரடியாகவே அறிவித்துவிடலாம்.

அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் தனியார் நிலம் அல்ல. அது வனத்துறை நிலத்தில் நடக்கும் அரசு நிறுவனம். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைப் பகுதி இன்னொரு வகை. அது பாதுகாப்புக் காப்பகம். அந்த வகையை அரசுக்குச் சொந்தமான இடத்தில் மட்டுமே, உள்ளூர் மக்களிடம் கலந்து பேசிய பிறகு அறிவிக்க முடியும். தேரூர் குளம் 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததால் சுற்றியுள்ள வயல்காரர்களின் பட்டா மாறிவிடவில்லை. தங்கள் நிலத்தைத் தாங்களே பாதுகாப்புக்குக் கொடுக்க விரும்பும் தனியாருக்கும் ஊர்ப் பொதுநிலத்துக்கும் சமுதாயக் காப்பகம் என்றொரு வகை இருக்கிறது. அதில் உரிமை கைமாறாது.

இனி மிஞ்சுவது நம் மலைப்பகுதிக்கே உரிய சிக்கல்: காட்டுக்கு நடுவே தீவு மாதிரி நிற்கும் தனியார் தோட்டங்கள். மாறாமலை, கரும்பாறைப் பகுதிகளின் கிராம்பு எஸ்டேட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு அந்த மலைச்சரிவுகளில்தான் விளைகிறது. இப்படிப்பட்ட நிலங்களை எல்லைக்கு வெளியே விடலாம், உள்ளே வைத்து உரிமையைத் தொடர விடலாம், அல்லது எடுத்துக்கொள்ளலாம். ‘எடுப்பு’ என்ற சொல்லே இந்த மூன்றாவது நிலையில்தான் வருகிறது.

குத்தகை நிலம் இந்தக் கணக்கில் வராது. பக்கத்து நெல்லை மாவட்டத்தில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் 2028 வரை என்று தொடர்ந்தது. குத்தகைக் காலம் முடிந்தால் நிலம் தானாக அரசிடம் திரும்பும், எடுப்பு நடவடிக்கையே எழாது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர்களின் பெயரில் நிலம் இல்லை என்பதால், நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீடும் அவர்களுக்கு எட்டவில்லை. வாழ்ந்த காலம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்றுதான் சட்டம் பார்க்கிறது. மனதை வருத்தும் உண்மை இது.

சரணாலயமா, தேசியப் பூங்காவா

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். நிலம் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. சரணாலயத்தில், தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, ஒருவரின் உரிமையைத் தொடர அனுமதிக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. வன உயிரினச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின் (2)(சி) உட்கூறு அதைத்தான் சொல்கிறது. தேசியப் பூங்காவுக்கான 35-ஆம் பிரிவு அந்த ஒரு உட்கூறை மட்டும் விலக்கி வைக்கிறது. அங்கே எல்லா உரிமையும் அரசிடம் வந்து சேர்ந்த பிறகே இறுதி அறிவிக்கை வெளியிட முடியும். ஆக, தேசியப் பூங்காவின் உத்தேச எல்லைக்குள் பட்டா நிலம் வந்தால் அதை எல்லையிலிருந்து விலக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஐந்து தேசியப் பூங்காக்களான கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை ஆகியவற்றில் ஒன்றும் நம் மாவட்டத்தில் இல்லை. நம்மைத் தொடுவது சரணாலய விதிகள்தான்.

சரணாலய எல்லையைச் சுற்றி வரும் சூழல் உணர்திறன் மண்டலம் முற்றிலும் வேறு. அது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே நிலம் எடுக்கப்படாது. அதனால் இழப்பீடும் இல்லை. கல்குவாரி, சுரங்கம், மாசுபடுத்தும் ஆலை போன்றவற்றுக்குத்தான் தடை. விவசாயம் நடக்கும், பட்டாவும் விற்பனையும் தொடரும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூன் 3-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது மலையோரக் கிராமங்களில் பெரிய பதற்றம் உண்டானது. 2023 ஏப்ரல் 26-இல் நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தியது.

காப்புக்காடு அல்லாத நிலம் சேரும்போது நடப்பது

இங்கேதான் பிரிவுகளும் கெடுவும் முக்கியம். காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள நிலத்தைச் சேர்க்க நினைத்தால், அரசு முதலில் 18-ஆம் பிரிவின்படி உத்தேச அறிவிக்கை வெளியிட வேண்டும். அதில் சாலை, ஆறு, மலைமுகடு போன்ற எளிதில் தெரியும் அடையாளங்களை வைத்து எல்லையைச் சொன்னாலே சட்டத்துக்குப் போதும். சர்வே எண் ஒவ்வொன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல உரிமையாளர்கள் அறிவிக்கையைப் படித்த பிறகும் தங்கள் நிலம் உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். மாவட்ட வன அலுவலகத்தில் எல்லை வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதைக் கிராம வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அறிவிக்கை வந்த நாளிலிருந்து 20-ஆம் பிரிவு வேலை செய்யத் தொடங்கும். அதன் பிறகு அந்த நிலத்தில் வாரிசுரிமையாலோ உயிலாலோ தவிர யாரும் புதிதாக உரிமை பெற முடியாது. கிரயப் பத்திரம் போட்டு வாங்கினால் வாங்கியவருக்கு உரிமை வராது. முன்பணம் மட்டும் வாங்கி, பதிவைத் தள்ளிப்போட்டிருக்கும் உடன்படிக்கைகள் இங்கே மாட்டிக்கொள்கின்றன. அறிவிக்கை தேதிக்குப் பிறகு பதிவான பத்திரத்தை ஆட்சியர் ஏற்க வேண்டியதில்லை.

அடுத்து 30 நாளுக்குள் விசாரணை அதிகாரி நியமிக்கப்பட வேண்டும். சட்டம் அவரை ‘ஆட்சியர்’ என்று குறிப்பிட்டாலும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வேறொரு அதிகாரியாகவும் அவர் இருக்கலாம். அறிவிக்கையிலிருந்து 60 நாளுக்குள், எல்லைக்கு உள்ளும் அருகிலும் உள்ள ஒவ்வொரு ஊரிலும் தமிழில் பிரகடனம் வெளியாக வேண்டும். பிரகடனம் வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உரிமை கோருபவர்கள் எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். உரிமையின் தன்மை, பரப்பு, கேட்கும் இழப்பீட்டுத் தொகை, அதற்கான விவரம் இவை நான்கும் மனுவில் இருக்க வேண்டும்.

இந்த மனுவை வெறும் சம்பிரதாயமாக எண்ணிவிடாதீர்கள். 2013 நில எடுப்புச் சட்டத்தின் வழக்கமான வழியில் நிலம் எடுக்கும்போது சமூகத் தாக்க மதிப்பீடு, முதல்நிலை அறிவிக்கை, 60 நாள் ஆட்சேபம் என்று பல படிகள் உண்டு. வன உயிரினச் சட்டத்தின் 25-ஆம் பிரிவோ, நில எடுப்புச் சட்டத்தின் இந்த முன்கட்டங்கள் முடிந்துவிட்டதாகவே கருதச் சொல்கிறது. அந்த வழியில் இரண்டு மூன்று முறை பேச வாய்ப்புக் கிடைக்கும். இங்கே பிரகடனத்துக்குக் கொடுக்கும் மனுதான் முதல் வாய்ப்பு, பெரும்பாலும் கடைசி வாய்ப்பும்கூட. நிலத்தை எல்லையிலிருந்து விலக்க வேண்டும் என்று கேட்பதானால் அதையும் இந்த மனுவிலேயே, காரணத்தோடு கேட்டுவிட வேண்டும்.

மனு கொடுக்கத் தவறியவர்கள் அடியோடு இழந்துவிடுவதில்லை. பதிவேடுகளில் இருந்து தெரியும் உரிமைகளை, யாரும் கேட்காவிட்டாலும், ஆட்சியர் தானே விசாரிக்க வேண்டும் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேடு சரியாக இருந்தால் மட்டுமே இது உதவும்.

நடவடிக்கை முழுவதும் இரண்டு ஆண்டுக்குள் முடிய வேண்டும் என்பது 25ஏ பிரிவு. ஆனால் முடியாவிட்டாலும் அறிவிக்கை காலாவதி ஆகாது என்று அதே பிரிவு சேர்த்துச் சொல்லிவிடுகிறது. தாமதம் ஏன் மலிந்திருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நிலுவையில் கிடந்த உரிமை விசாரணைகளை ஓராண்டில் முடிக்கும்படி 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட வேண்டி வந்ததும் இதனால்தான். உரிமைகள் முடிவாகும் வரை விறகு, தீவனம், சிறு வனப் பொருள்களுக்கு அரசு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 18ஏ பிரிவில் ஒரு கடமை இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு.

நம் மாவட்டத்து ஆவணங்களின் சிக்கல்

கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியில் இருந்தது. அதனால் பழைய ஆதாரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் 1110 என்றிருந்தால் அது 1934-35. மலையாள ஆவணத்தை மனுவோடு சேர்க்கும்போது சான்றளிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். பழைய சர்வே எண்ணும் ரீ-சர்வே எண்ணும் வெவ்வேறாக இருப்பது இன்னொரு தொல்லை. ஆதாரத்தில் பழைய எண், பட்டாவில் ரீ-சர்வே எண், வனத்துறை வரைபடத்தில் எண்ணே இல்லை என்ற நிலை சாதாரணம். இரண்டு எண்களையும் பொருத்திக் காட்டும் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி முதல் இணைப்பாக வைத்தால் விசாரணையில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஸ்ரீபண்டாரவக நிலமாக (திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலமாக) இருந்து 1964 சட்டத்தால் ரயத்துவாரியாக, அதாவது உரிமையாளர் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டும் நிலமாக, மாறியது என்றால், மாற்றத்தைக் காட்டும் உத்தரவையும் தேடி எடுங்கள். மற்றபடி பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேட்டு நகல், புல வரைபடம், குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, தீர்வை ரசீதுகள், உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று ஆகியவை வேண்டும். அப்பா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் மிக அதிகம். அறிவிக்கைக்குப் பிறகும் வாரிசு வழி மாற்றம் செல்லும் என்பதால் அதை உடனே செய்துவிடலாம். செய்யாமல் விட்டால் இழப்பீட்டுத் தொகை யாருக்கு என்ற தகராறில் பணம் ஆண்டுக்கணக்கில் வைப்பில் கிடக்கும்.

பி-மெமோவோ (அரசு நிலத்தில் இருப்பவருக்கு வருவாய்த்துறை தரும் அபராதச் சீட்டு) வீட்டு வரி ரசீதோ நிலத்தின் உரிமையை நிறுவாது. ஆனால் கட்டிய வீட்டுக்கும் வைத்த மரத்துக்கும் அனுபவத்தைக் காட்ட அவை பயன்படும். தூக்கிப் போட வேண்டாம்.

மலைப் பழங்குடியினரான காணி மக்களுக்கு வழி வேறு. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே குடியிருந்து பயிரிட்ட நிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரை, உரிமைப் பட்டயம் உண்டு. மனு கிராம சபையின் வன உரிமைக் குழுவுக்குப் போகும். அங்கிருந்து உட்கோட்டக் குழு, மாவட்டக் குழு. இந்த விசாரணை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது 4(5) பிரிவு. பட்டயம் விற்கக் கூடியதல்ல, வாரிசுக்குப் போகும். சரணாலயம் என்று அறிவித்துவிட்டதால் இந்த உரிமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் அது தவறு.

தொகை எப்படி வருகிறது

இழப்பீடு 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கணக்குப்படி. சந்தை மதிப்புக்கு இரண்டு முக்கிய அளவுகோல்கள்: பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டில் பதிவான ஒத்த நிலங்களின் விற்பனையில், விலை கூடிய பாதிப் பத்திரங்களின் சராசரி. இரண்டில் எது அதிகமோ அது. கிராமப்புறம் என்றால், நகர எல்லையிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு வரையிலான ஒரு பெருக்கு எண்ணால் அதைப் பெருக்குவார்கள். அதோடு மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைக் கூட்டுவார்கள். கிடைத்த மொத்தத்துக்குச் சமமான ஆறுதல் தொகை மறுபடியும் சேரும்.

கற்பனையாக ஒரு ஏக்கர் ரப்பர் தோட்டம். சந்தை மதிப்பு 10 லட்சம், பெருக்கு எண் 1.25 என்றால் 12.5 லட்சம். மரங்களும் கிணறும் 3 லட்சம். கூட்டினால் 15.5 லட்சம். ஆறுதல் தொகை 15.5 லட்சம். ஆக 31 லட்சம். இதற்கு மேல் சந்தை மதிப்பான 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது 1.2 லட்சம், தீர்வம் (ஆட்சியரின் இழப்பீட்டு உத்தரவு) அல்லது சுவாதீனம் (நிலத்தை அரசு கையில் எடுப்பது) எது முந்தியதோ அதுவரை உண்டு. சட்டம் இதைச் சமூகத் தாக்க ஆய்வு அறிவிக்கை தேதியிலிருந்து கணக்கிடச் சொல்கிறது. வன உயிரினச் சட்ட வழியில் அந்தக் கட்டமே தாண்டப்படுவதால், 18-ஆம் பிரிவு அறிவிக்கை தேதியைத் தொடக்கமாகக் கொள்ளும்படி மனுவிலேயே கேட்டு வைப்பது நல்லது.

கணக்கு நன்றாகத்தான் தெரிகிறது. கெடுவது அடிப்படை எண்ணில். பத்திரச் செலவை மிச்சம்பிடிக்க உண்மை விலையைக் குறைத்துப் பதிவது ஊர் வழக்கமாக இருக்கும் இடத்தில், அந்தக் குறைந்த விலைதான் ஒப்பீட்டு விலையாக வந்து நிற்கும். நம் மலைப்பகுதியில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவோ மரம் வெட்டவோ முடியாது. விற்பனையே நடக்காத இடத்தில் ஒப்பிடப் பத்திரம் எங்கிருந்து வரும்? வழிகாட்டி மதிப்பு பழைய எண்ணிலேயே உறைந்துவிடும். எடுப்பு தொடங்கும் முன் மதிப்பைத் திருத்திப் புதுப்பிக்க வேண்டியது ஆட்சியரின் கடமை என்று நில எடுப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வரியைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கோர வேண்டும்.

மரக் கணக்கு அடுத்த பள்ளம். ரப்பர் ஏக்கருக்கு 180 முதல் 200 மரம் வரை நிற்கும். ஏழாவது ஆண்டு வாக்கில் பால் வெட்டத் தொடங்கி, இருபது ஆண்டுக்கு மேல் பலன் தரும். பத்து வயது மரத்தைத் தடி விலைக்கு மதிப்பிட்டால் மீதிப் பலன் முழுவதும் கணக்கில் விழாமல் போகும். கிராம்பு, நல்லமிளகு, பலா எல்லாவற்றுக்கும் இதே கதி. தோட்டக்கலைத் துறை அலுவலர் வந்து எண்ணும் நாளில் உரிமையாளர் கூடவே இருந்து, இனம், வயது, எண்ணிக்கை எழுதிய பட்டியலில் கையெழுத்துப் போட்டு நகல் வாங்க வேண்டும். ரப்பர் போர்டு பதிவு, நடவு மானியத் தாள், பால் விற்ற ரசீது இவை வயதுக்கும் விளைச்சலுக்கும் சான்று.

பால் வெட்டும் தொழிலாளியும் குத்தகைக்காரரும்கூட, எடுப்புக்கு முன் மூன்று ஆண்டு அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் வருவார்கள். வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற மூன்றில் ஒன்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உண்டு. உரிமையாளரின் மனுவில் இவர்கள் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. அவர்கள் தனியாக மனு கொடுக்க வேண்டும்.

தீர்வம் வந்த பிறகு

தொகை குறைவு என்று தோன்றினாலும் பணத்தை வாங்காமல் இருக்கத் தேவையில்லை. ஆனால் ரசீதில் ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுத வேண்டும். அந்தச் சொற்கள் இல்லாமல் வாங்கினால், கூடுதல் தொகை கேட்கும் உரிமை நில எடுப்புச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி போய்விடும். இழப்பீட்டுத் தகராறை விசாரிக்கும் நில எடுப்பு ஆணையத்துக்கு அனுப்பக் கோரும் மனுவுக்குக் கெடு, தீர்வம் சொல்லும்போது நேரில் இருந்தால் ஆறு வாரம். இல்லாவிட்டால் அறிவிப்பு கிடைத்து ஆறு வாரம் அல்லது தீர்வத்திலிருந்து ஆறு மாதம், எது முந்தியதோ அது.

நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மீதிக்குப் பாதை இல்லாமல் போனால் அந்தச் சேதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். வீட்டின் ஒரு பகுதி மட்டும் எல்லைக்குள் போனால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளும்படி உரிமையாளர் வற்புறுத்தலாம். பணம் தராமல் சுவாதீனம் எடுத்தால் முதல் ஆண்டுக்கு 9 சதவீதமும் பிறகு 15 சதவீதமும் வட்டி. இந்த இழப்பீட்டுக்கு 96-ஆம் பிரிவின்படி வருமான வரி கிடையாது. வங்கியோ அலுவலகமோ வரி பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

எடுக்காமல் எல்லைக்குள்ளேயே விட்டுவைத்த நிலத்துக்கு, போகவர உரிமை வன உயிரினச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. அசையாச் சொத்து உள்ளவர் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் புது ரோடு, மின்கம்பம் போன்றவை காட்டு நிலம் வழியாக வந்தால் வன உயிரின வாரியம் வரை அனுமதி தேவைப்படும். தோட்டத்துக்குப் போகும் பாதை ஏற்கெனவே எவ்வளவு அகலம், எந்த ஆண்டிலிருந்து வண்டி ஓடுகிறது என்பதை உரிமை விசாரணையின்போதே பதிவு செய்து, ஆட்சியரின் உத்தரவில் எழுதி வாங்க வேண்டும். ஒரு பகுதி எடுக்கப்பட்டிருந்தால் உட்பிரிவு முடிந்ததும் மீதி நிலத்துக்குப் புது எண்ணில் பட்டா வாங்கி, புல வரைபடத்தில் எல்லைக்கல் எங்கே விழுந்திருக்கிறது என்பதை நில அளவரை வைத்து அளந்து பார்த்துவிடுங்கள்.